சென்னையில் டிவி ஷூட்டிங்கை நேரில் பார்க்க முடியுமா?

திருப்பூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "மே மாதம் அம்மாவையும் (64 வயது) அக்கா மகளையும் (9 வயது) இரண்டு வாரம் சென்னைக்கு அழைத்து வருகிறேன். இரண்டு பேருக்கும் பாட்டுப் போட்டி நிகழ்ச்சி என்றால் உயிர். ஷூட்டிங் பார்க்க டிக்கெட் உண்டா? யாரைப் பிடிக்க வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும்?"

டிக்கெட் கிடையாது. பெரிய ஆள் யாரையும் பிடிக்கத் தேவையில்லை. நேரம் மட்டும் ஒரு முழு நாள் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். இனி விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நாள் எப்படிப் போகும் என்று தெரியாமல் வந்து, மதியம் மூன்று மணிக்கு "எப்ப தம்பி விடுவாங்க" என்று கேட்ட அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் நிகழ்ச்சித் தயாரிப்பில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். முதல் மூன்று வருடம் ஆடியன்ஸ் வேலை. காலை ஏழு மணிக்கு கேட்டில் நின்று, வருகிறவர்களை எண்ணி, பெயர் எழுதி, போனை வாங்கி டோக்கன் கொடுத்து, சேலை நிறம் பார்த்து உட்கார வைக்க வேண்டும். அதனால் நான் சொல்வதெல்லாம் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான்.

லண்டனில் பிபிசி நிகழ்ச்சிகளுக்கு இணையத்தில் இலவசமாக டிக்கெட் கொடுக்கிறார்கள். எல்லோரும் வர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கிற நாற்காலியைவிடக் கூடுதலாகவே கொடுப்பார்கள். முந்தி வந்தவருக்கு இடம். நம் ஊரில் அப்படி ஒரு ஏற்பாடு வரவே இல்லை. இங்கே ஆடியன்ஸ் என்பது தயாரிப்புச் செலவில் ஒரு வரி. லைட், ஜெனரேட்டர், சாப்பாடு மாதிரி. "நாளைக்கு நூற்றைம்பது பேர் வேண்டும்" என்று ஆடியன்ஸ் கோஆர்டினேட்டருக்கு முந்தின நாள் போன் போகும். அவர் கல்லூரி, மகளிர் சுயஉதவிக் குழு, அபார்ட்மென்ட் சங்கம் என்று தனக்குத் தெரிந்த இடங்களிலிருந்து ஆள் திரட்டுவார். சிலருக்குச் சாப்பாடும் வேனும் மட்டும், சிலருக்குக் கையில் கொஞ்சம் பணமும் உண்டு. பாட்டு நிகழ்ச்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டுகிறாரே ஒரு பெண்மணி, அவர் சம்பளத்துக்கு வந்தவராக இருக்கலாம். அந்த அழுகை நிஜமாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உள்ளே போவதற்கு என்ன வழி? பாட்டு, நடனம், காமெடி போன்ற நிகழ்ச்சிகளுக்கு இரண்டு வழிதான். போட்டியாளர் யாராவது தெரிந்தவராக இருந்தால் அவர் குடும்பத்தோடு போவது. ஒவ்வொரு போட்டியாளருக்கும் சில இடம் ஒதுக்குவார்கள். இல்லாவிட்டால் கோஆர்டினேட்டர் மூலம். அந்தச் சேனலின் சமூக வலைதளப் பக்கங்களிலும் நிகழ்ச்சியின் நடுவே கீழே ஓடும் எழுத்திலும் தொடர்பு எண் வரும். அதில் கூப்பிட்டு "ஆடியன்ஸாக வர விருப்பம், இத்தனை பேர், இந்தத் தேதிகளில் சென்னையில் இருப்போம்" என்று சொல்லி வையுங்கள். இரண்டு வாரம் கையில் இருப்பது உங்களுக்கு நல்லது, ஏனென்றால் தேதி கடைசி நேரத்தில்தான் உறுதியாகும். நடுவரின் கால்ஷீட் மாறினால் எல்லாமே மாறும்.

இதற்கு யாராவது பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். ஆடியன்ஸில் உட்கார நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் ஒன்பது வயதுப் பெண் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பாப்பா நல்லா பாடுதா? ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க, நேரா மெகா ஆடிஷன்" என்று ஸ்டுடியோ வாசலுக்கு வெளியே டீக்கடையில் பேச்சுக் கொடுக்கும் ஆட்கள் உண்டு. கழுத்தில் அடையாள அட்டைகூடத் தொங்கும். அதை நம்ப வேண்டாம்.

விவாத நிகழ்ச்சி வேறு மாதிரி. 2006 முதல் விஜய் டிவியில் வரும் 'நீயா நானா'வை எடுத்துக்கொள்ளுங்கள். கோபிநாத்துக்கு இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பார்வையாளர்கள் இல்லை, பங்கேற்பாளர்கள். தலைப்பு முடிவானதும் அதற்குப் பொருந்துகிற ஆட்களைத் தேடுவார்கள், போனில் பேசிப் பார்ப்பார்கள், கதை கேட்பார்கள். உங்கள் அம்மாவுக்குப் பேச வரும் என்றால், மாமியார் மருமகள் தலைப்போ பிள்ளைகள் வெளிநாடு போன தலைப்போ வரும்போது ஆள் தேடும் அறிவிப்பைக் கவனியுங்கள். பார்க்கப் போகிறவர் பேசிவிட்டு வருவார்.

பொதுமக்களை நாற்காலியில் உட்கார வைத்துப் பேச வைக்கலாம் என்பதைத் தமிழ் டிவிக்குப் பழக்கியதில் விசுவின் 'அரட்டை அரங்க'த்துக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது சாதாரண ஆளின் குரல் அதிகமாகக் கேட்டது கடிதம் வழியாகத்தான். நேயர்கள் எழுதியதைக் கேமரா எதிரே உட்கார்ந்து படிப்பார்கள். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்த பிறகு நிலைமை மாறியது. விசு ஊர் ஊராகப் போய் மைக்கை மக்கள் கையில் கொடுத்தார். மேடையைவிட எதிரே இருந்த கூட்டம்தான் நிகழ்ச்சி. இன்றைய பேச்சு நிகழ்ச்சிகளில் பாதி அந்த வீட்டுப் பிள்ளைகள்.

'பிக் பாஸ்' பற்றியும் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 2017இல் தொடங்கியதிலிருந்து அந்த வீடு பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் பக்கம் இருக்கும் ஈவிபி ஃபிலிம் சிட்டியில்தான். அந்த வீட்டைச் சுற்றிப் பார்க்க முடியாது. தொகுப்பாளர் வரும் வார இறுதி எபிசோடுகளுக்கு மட்டும் ஆடியன்ஸ் உண்டு. அவை ஒளிபரப்புக்கு முன்பே எடுக்கப்படுகின்றன. வெளியேறியவர் பெயர் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே ஊரெல்லாம் பரவுவது அதனால்தான். போனை வாங்கி வைத்தால் வாயையுமா வாங்கி வைக்க முடியும்?

சீரியல் ஷூட்டிங்குக்கு ஆடியன்ஸ் என்பதே இல்லை. சாலிகிராமம், வளசரவாக்கம், போரூர், ஈசிஆர் பக்கம் ஷூட்டிங்குக்கென்றே வாடகைக்கு விடும் வீடுகள் நிறைய. தெருவில் ஜெனரேட்டர் வேன் நின்றால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். டீ இடைவேளையில் வில்லி வெளியே வந்து போன் பேசுவார். அம்மாவை அழைத்துப் போய் நிறுத்தினால் ஒரு போட்டோ கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம்.

இனி அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய நிகழ்ச்சிகள் பல இப்போது வடபழனி, சாலிகிராமத்தை விட்டுப் பூந்தமல்லி பக்கம் போய்விட்டன. மாதக்கணக்கில் செட் நிற்க வேண்டும், பெரிய ஃப்ளோர் வேண்டும், வேன் நிறுத்த இடம் வேண்டும். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால் எட்டுக்கே போய்விடுங்கள், ஆனால் பதினொன்றுக்கு முன் நிகழ்ச்சி தொடங்காது. இதை வேண்டுமென்றே செய்வதில்லை. நடுவர் வந்து உட்கார்ந்த பிறகு ஆடியன்ஸுக்காக அவரைக் காக்க வைக்க முடியாது. ஆடியன்ஸை நடுவருக்காகக் காக்க வைக்கலாம். அவ்வளவுதான் கணக்கு.

உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது வாசனை. பெயின்ட், ஃபெவிகால், புது ப்ளைவுட். அடுத்தது குளிர். முன்பு லைட்டுகள் கக்கிய சூட்டுக்கு அந்த ஏசி தேவைப்பட்டது. எல்இடி லைட் வந்த பிறகு சூடு குறைந்துவிட்டது, ஏசி மட்டும் பழைய கணக்கிலேயே ஓடுகிறது. அம்மாவுக்கு ஒரு சால்வை கட்டாயம். கேமரா ஓடும்போது அதை மடியில் வைக்கச் சொல்வார்கள், "கட்" சொன்னதும் போர்த்திக்கொள்ளலாம். மூன்றாவதாக, எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் சொல்வது: "இவ்வளவுதானா!" டிவியில் மைதானம் மாதிரித் தெரிகிற மேடை நேரில் ஒரு கல்யாண மண்டப மேடையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. வைட் லென்ஸும், தலைக்கு மேல் நீண்டு வரும் ஜிம்மி ஜிப் என்ற கேமரா கிரேனும் செய்கிற மாயம். அந்த ஜிப்பின் பின்முனையைக் கவனியுங்கள். கேமராவின் எடைக்குச் சமமாக, ஜிம்மில் தூக்குகிற அதே இரும்புத் தட்டுகளைக் கோத்து வைத்திருப்பார்கள்.

உடை விஷயத்தில் நான்கைந்து விதி. உடம்பெல்லாம் வெள்ளை வேண்டாம், முகத்தைவிட அதுதான் பளீரென்று அடிக்கும். முழுக் கறுப்பும் வேண்டாம், இருட்டில் கரைந்துபோவீர்கள். பொடிப் பொடிக் கோடுபோட்ட சட்டை கேமராவில் நெளியும். கட்சிக் கரை, கம்பெனி பெயர், ஹீரோ படம் போட்ட டிஷர்ட் எல்லாம் கூடாது. அம்மாவிடம் அரக்கு, மயில் நீலம், மஞ்சள் மாதிரி ஒரு நிறத்தில் சேலை இருந்தால் முன்வரிசைக்கு வாய்ப்பு அதிகம்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்வரிசையில் இளவயது முகங்களை வை என்று எங்களுக்குச் சொல்வார்கள், நாங்களும் வைப்போம். ஒருமுறை முதலில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான தம்பதியை எழுப்பி ஐந்தாம் வரிசைக்கு மாற்றினேன். அந்தப் பாட்டி எழுந்து போகும்போது, "பரவால்ல கண்ணு, ரெண்டு பஸ் மாறி வந்தோம், அஞ்சு வரிசை மாற மாட்டோமா" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இடைவேளையில் போய் அவர்களை இரண்டாம் வரிசை ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். உங்கள் அம்மாவைப் பின்னால் அனுப்பினால், மூட்டு வலி, படி ஏற முடியாது என்று தயங்காமல் சொல்லுங்கள். கேலரியின் மேல் படிகள் செங்குத்தாக இருக்கும், கைப்பிடி இருக்காது. நியாயமான காரணம் சொன்னால் கேட்பார்கள்.

ஷூட்டிங் தொடங்குவதற்கு முன், யாருமில்லாத மேடையைப் பார்த்து உங்களைக் கைதட்டச் சொல்வார்கள். ஃப்ளோர் மேனேஜரோ உதவி இயக்குநரோ முன்னால் வந்து நிற்பார். "இப்ப சும்மா தட்டுங்க. இப்ப எழுந்து நின்னு தட்டுங்க. இப்ப ஷாக். வாயில கை வைங்க. இப்ப சோகம்." இரண்டு மூன்று கேமரா முகம் முகமாக மேய்ந்துவிட்டுப் போகும். இதுதான் ரியாக்‌ஷன் ஷாட். எடிட்டிங்கில் எங்கே தேவையோ அங்கே செருகுவார்கள். காலை பத்தரைக்கு நீங்கள் வாயில் வைத்த கை, ராத்திரி எட்டு மணிக்கு வெளியேற்றப்பட்ட பையனுக்காக வைத்ததாக ஒளிபரப்பில் வரும். நான் வேலை செய்த ஒரு நிகழ்ச்சியில், வெடித்துச் சிரிக்கும் ஒரு அம்மாவின் ஷாட் எடிட்டருக்கு ரொம்பப் பிடித்துப்போய், மூன்று எபிசோடுகளில் மூன்று வேறு ஜோக்குகளுக்கு அவர் அதே சேலையில் சிரித்தார். பார்த்தவர்கள் யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

பாட்டு நிகழ்ச்சியில் பாட்டு நிஜமாகவே அங்கேதான் பாடப்படுகிறது, பக்கவாத்தியக் குழு இருந்தால் அவர்களும் அங்கேதான் வாசிப்பார்கள். ஆனால் ஃப்ளோரில் உங்களுக்குக் கேட்பதும் டிவியில் கேட்பதும் ஒன்றல்ல. ஒளிபரப்பில் வருவது மிக்ஸிங் முடிந்த குரல். நேரில் மூச்சு வாங்குவது கேட்கும், மேல் ஸ்தாயியில் குரல் லேசாக உடைவது கேட்கும். அதனாலேயே எனக்கு நேரில் கேட்பதுதான் பிடிக்கும். ஒரு குழந்தை பாடி முடித்ததும் நடுவர் பேசுவதற்கு முன் ஐந்து விநாடி அமைதி வரும். அது எடிட்டிங்கில் போய்விடும். அதைக் கேட்கவாவது ஒருமுறை வரலாம்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இருபது நிமிடம், அரை மணி நேரம் ஆகும். செட் ப்ராப்பர்ட்டி மாற்ற, மைக் மாட்ட, டச்சப் செய்ய, தொகுப்பாளர் ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பேசும் ஒரே லிங்க்கை நான்கு தடவை சொல்ல. பெரும்பாலானவர்கள் இந்த நேரத்தில்தான் அலுத்துப்போகிறார்கள். நான் சொல்வேன், இந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும். நடுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். கேமராமேனுக்குப் பின்னால் கேபிளைத் தூக்கிக்கொண்டே ஒரு பையன் நடப்பான். கேமரா இடது பக்கம் போனால் அவனும் போவான், கேபிள் ஒருமுறைகூடத் தரையில் உரசாது. எந்தக் கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று பாருங்கள், அந்த நொடியில் அதன் படத்தைத்தான் பிசிஆர் என்ற கட்டுப்பாட்டு அறையில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அறை உங்கள் கண்ணில் படாது, ஆனால் எல்லோருடைய காதிலும் அது இருக்கிறது. தொகுப்பாளர் பேச்சின் நடுவே ஒரு கணம் தயங்கிச் சட்டென்று வேறு பக்கம் திரும்பினால், காதுக்குள் இயக்குநர் ஏதோ சொல்லியிருக்கிறார். இரண்டு மணி நேரம் கவனித்தால் அடுத்த முறை டிவி பார்க்கும்போது உங்களுக்கே பிடிபடும்.

சாப்பாடு மதியம் இரண்டு மணி வாக்கில் வரும், பெரும்பாலும் பொட்டலம். சாம்பார் சாதம், தயிர் சாதம், ஊறுகாய். நடுவில் பேப்பர் கப்பில் டீ. சர்க்கரை இல்லாத டீ கிடைக்காது. அம்மாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் மாத்திரையும் பிஸ்கட்டும் கைப்பையில் இருக்கட்டும். பையைக் கேட்டில் வாங்கி வைத்தாலும் மாத்திரையைத் தடுக்க மாட்டார்கள். கழிவறையை உள்ளே போனதும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "ரோலிங்" சொன்ன பிறகு எழ முடியாது, "கட்" சொன்னதும் எழுபது பேர் ஒரே நேரத்தில் எழுவார்கள்.

அக்கா மகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம். ஒன்பது வயதுக் குழந்தை ஒரு நாள் முழுக்க ஏசியில், எழுந்து ஓடாமல், சொன்னபோது கைதட்டிக்கொண்டு உட்காருவது கஷ்டம். மேடையில் நடிக்கும், பாடும் குழந்தைகளுக்கே ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2017இல் வந்த விதி இருக்கிறது. பார்க்க வரும் குழந்தைக்கு அப்படி எந்த விதியும் இல்லை. நீங்களே விதி வைத்துக்கொள்ளுங்கள்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நடுவில் கிளம்பலாமா என்றால், ஒரு எபிசோடு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் கோஆர்டினேட்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். கும்பலாக வேனில் வந்தவர்களுக்குத்தான் அது கஷ்டம். அதனால் சொந்தமாக வண்டி வைத்துக்கொண்டு வாருங்கள். இரவு பதினொன்றுக்கு மேல் பேக்-அப் ஆனால் அந்தப் பக்கம் ஆட்டோ கேட்கிற காசுக்கு ஊருக்கே போய்விடலாம்.

குழந்தைக்காக மட்டும் என்றால் வடபழனியில் ஏவிஎம் பாரம்பரிய அருங்காட்சியகம் இருக்கிறது. 2023இல் திறந்தார்கள். பழைய கேமராக்களும் கார்களும் உண்டு, அரை நாளில் பார்த்துவிட்டுக் கோயிலுக்கும் போய் வரலாம். ஸ்டுடியோ சுற்றுலாதான் வேண்டும் என்றால் ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டி, டிக்கெட் வாங்கிப் பேருந்தில் சுற்றலாம். ஆனால் அது சுற்றுலா, ஷூட்டிங் இல்லை.

அம்மாவுக்கு என்னைக் கேட்டால் பட்டிமன்றம்தான் இன்னும் பொருத்தம். பண்டிகை நாள் சிறப்புப் பட்டிமன்றங்களை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள், பல சமயம் ஸ்டுடியோவில் இல்லாமல் கல்லூரி அரங்கிலோ மண்டபத்திலோ. இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும். ரீடேக் மிகக் குறைவு, ஏனென்றால் பேச்சாளர்கள் மேடைக்காரர்கள். ஆடியன்ஸ் சிரிப்பும் நிஜம். மே மாதத்தில் அது நடக்க வாய்ப்பு குறைவு, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாக, கிளம்பும்போது உதவி இயக்குநர் யாரிடமாவது "இது எப்ப டெலிகாஸ்ட்" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து வரும். ஊரில் எல்லோருக்கும் அம்மா சொல்லிவிடுவார், ஒரு மணி நேர எபிசோடில் அவர் இரண்டு விநாடி வருவார், அதுவும் யாரோ எழுந்து நின்று பாதி முகத்தை மறைத்துக்கொண்டு. யூடியூபிலோ சேனலின் செயலியிலோ வந்ததும் அந்த இடத்தில் நிறுத்தி, திரையைப் போட்டோ எடுத்துக் கொடுத்துவிடுங்கள். மஞ்சள் சேலையாக இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம்.